கோழிக்கால் குறி போட்ட மூங்கில்கள்

என் பெயரை எழுதக் கற்றுக்கொள்வதற்கு முன்பே எனக்கென்று ஒரு குறி இருந்தது. நடுவில் ஒரு வெட்டு, அதன் அடியிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு வெட்டு. ஈர மண்ணில் கோழி கால் வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். பிறந்த வீட்டில் என்னுடைய சாப்பாட்டுத் தட்டின் முதுகிலும், புல்லறுக்கிற அரிவாளின் பிடியிலும் அதைத்தான் கீறி வைத்திருந்தேன். அக்காவுக்கு வேறு குறி, ஒரு வட்டம். பெண்கள் இரண்டு பேரும் சாமானுக்கு அடித்துக்கொள்ளக் கூடாது என்று அம்மா செய்த ஏற்பாடு அது. எழுத்து எனக்குப் பிற்பாடு, என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில், அவள் பலகையைப் பார்த்துப் பார்த்து வந்தது. இப்போதும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைக்கு மேலே, காட்டை ஒட்டி இருந்தது. அங்கிருந்து அக்காவை ஓசூருக்குக் கிழக்கே தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் ஓர் ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். சில வருஷம் கழித்து அக்கா புருஷனின் தம்பிக்கே என்னையும் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம், "அக்கா இருக்கற ஊட்டுக்கே போறா, இவளுக்கு என்னா கவலை" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புது இடத்தில் எல்லாப் பெண்களும் அழுவார்கள். நான் அழவில்லை. அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மாமனார் காலமான பிறகு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சண்டை இல்லை. பழைய வீடு மழைக்கு இடிந்துகொண்டிருந்ததால் ஆளுக்கு ஒரு வீடு கட்டிக்கொள்வது என்று முடிவானது. சந்துக்குக் கிழக்கே அவர்கள், மேற்கே நாங்கள். இரண்டு வீட்டுக்கும் மண்சுவர் ஒன்றாகவே எழுந்தது. வீடு முடிகிற வரைக்கும் எல்லோரும் பழைய வீட்டில் ஒரே அடுப்பில்தான் சாப்பிட்டோம்.

எனக்கு அந்த வீட்டில் ஒரு மச்சு வேண்டும் என்று இருந்தது. சுவருக்குச் சுவர் கழி போட்டு, மேலே மண் பூசி, ஏணி வைத்து ஏறிப் போகிற மேல்தளத்தைத்தான் எங்கள் பக்கம் மச்சு என்போம். கேழ்வரகும் கொள்ளும் ஈரம் படாமல் அங்கே கிடக்கும். மாங்காய் பழுக்கும். பாம்பு வராது. பிள்ளைகள் மழைக்காலத்தில் படுத்துக்கொள்ளலாம். எங்கள் அம்மா வீட்டு மச்சு மூங்கிலில் போட்டது. நான் பிறப்பதற்கு முன்பே போட்டது, ஒரு கழி அசைந்ததில்லை. அதனால் எனக்கும் மூங்கில் மச்சுதான் என்று சொன்னேன்.

அக்கா புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் கையில் சோற்றுருண்டையை வைத்துக்கொண்டே சிரித்தார்.

"மூங்கிலா? அது பாடை கட்டறதுக்கு ஆவும். ஊட்டுக்கு ஆவுமா? காட்டுக்காரிங்க புத்தி காட்டுலயேதான் சுத்திக்கினு கெடக்குது. நான் மரம்தான் போடப் போறேன். ஆளு சொல்லி வெச்சாச்சு."

"காட்டுக்காரிய தேடிக்கினு வந்து கட்டனது யாரு?" என்றாள் அக்கா. "நாங்களா வந்து ஒட்டிக்கினோம்? அதுவும் ஒண்ணு பத்தாதுன்னு தம்பிக்கும் ஒண்ணு கேட்டு வாங்கனீங்க."

எல்லோரும் சிரித்தோம். மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அப்படித்தான், எனக்காக யாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவாள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத ஆள். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அவ சொல்றபடியே போட்டுக்கறோம்ண்ணா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு ஏறியது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூங்கிலை நான் ஏழ்மைக்காகச் சொல்லவில்லை. மரம் போட வேண்டுமென்றால் எங்கேயோ ஒரு வேங்கை சாய வேண்டும், இல்லை ஒரு பலா சாய வேண்டும். சாய்ந்த நிழல் நம் ஆயுசுக்குள் திரும்பி வராது. மூங்கில் அப்படி இல்லை. முற்றிய கழியை வெட்டிவிட்டு இளசை விட்டு வைத்தால், அடுத்த மழைக்குப் புதரிலிருந்து முளை குத்திக்கொண்டு வரும். அம்மா வீட்டு ஓடைக்கரைப் புதரை என் விவரம் தெரிந்த நாளிலிருந்து வெட்டியிருக்கிறார்கள், அது குறைந்து நான் பார்த்ததில்லை. போன வருஷம் மகன் ஓசூரில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனான். மூங்கிலைப் பலகையாக்கித் தரைக்குப் போடுகிறார்களாம். "இதுக்காக ஒரு மரம்கூட வெட்டலம்மா" என்று கடைக்காரர் புதுச் செய்தி சொல்வது போலச் சொன்னார். நல்லது என்றேன். பலகையைத் திருப்பி அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். அவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூங்கிலில் ஒன்று கவனிக்க வேண்டும். அதற்குள் ஒரு தித்திப்பு இருக்கிறது. அந்தத் தித்திப்புக்கு வண்டு வரும். வந்தால் உள்ளே துளைத்துத் துளைத்துக் கழியை வெறும் மாவாக்கிவிடும். அதனால் தேய்பிறையில் வெட்ட வேண்டும். வெட்டியதைக் குளத்தில் போட்டு, மேலே கல் ஏற்றி, மாதக்கணக்கில் ஊற விட வேண்டும். தித்திப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். வெளியே எடுத்தால் கறுத்துப்போய், கிட்டே நிற்க முடியாத நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம்தான் சாட்சி. நாறிய மூங்கிலை வண்டு தொடாது. இது எங்கள் காட்டுப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவுக்கும் தெரியும்.

ஐப்பசித் தேய்பிறையில் நானும் என் வீட்டுக்காரரும் அம்மா வீட்டுக்குப் போய் வெட்டி வந்தோம். எனக்கு அப்போது தலைப்பிள்ளை வயிற்றில். வெட்டியது அவர். எதை வெட்டுவது என்று கொடுவாளின் முதுகால் தட்டி, ஓசை கேட்டுச் சொன்னது நான். வண்டியில் கொண்டு வந்து புகுந்த ஊர்க் குளத்தில் இறக்கினோம். வேறு வீட்டுக்காரர்களும் அங்கே ஊறப் போடுவார்கள் என்பதால் அவரவர் கழிக்கு அவரவர் குறி போட்டுக்கொள்வது வழக்கம். இறக்குவதற்கு முன் கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கழியின் அடிமுனையிலும் என் கோழிக்காலை ஆழமாக வெட்டினேன். குறியை அடிமுனையில்தான் போடுவார்கள். அந்த முனை சுவருக்குள் போய்விடும், வீட்டுக்குள் யார் கண்ணிலும் படாது. நடுவில் போட்டால் சந்தை மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி இருக்கும், லட்சணமாக இராது என்பார்கள். நானும் அதைக் கேள்வி கேட்காமல் அப்படியே செய்தேன்.

பெண்டாட்டி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் வீட்டுக்கு மேல்வேலை செய்யக் கூடாது. பிள்ளை பிறக்கும் வரைக்கும் எங்கள் வீடு சுவரோடு நின்றது. மாமா வீட்டு வேலை மட்டும் நடந்தது. கார்த்திகையில் வளையல் போட்டு என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டி ஏறும்போது அக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"மொகத்த ஏன்டி அப்படி வெச்சிருக்க? புருஷனை உட்டுட்டுப் போறோம்னா, மூங்கிலை உட்டுட்டுப் போறோம்னா?"

"மூங்கில்தான்க்கா."

"கேட்டீங்களா கதைய!" என்று அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தாள். "போடி. நான் பாத்துக்கறேன். ஒரு கழி மேல வந்தாலும் நானே எறங்கிக் கல்லு வெக்கறேன். போதுமா?"

போதும் என்றுதான் போனேன்.

தை மாதம் அக்கா வீட்டில் பால் காய்ச்சினார்கள். நிறைமாதம் என்பதால் நான் போகவில்லை. அம்மா போய்விட்டு வந்து கால் கழுவுவதற்கு முன்பே சொன்னாள்.

"உங்கக்கா ஊட்லயும் மூங்கில் மச்சுதான்டி."

"மரம்னு சொன்னாரே மாமா?"

"மரத்துக்குச் சொல்லி வெச்ச எடத்துல கைய விரிச்சுட்டாங்களாம். அப்புறம் என்னா, மூங்கில் போட்டுட்டாரு. கருகருன்னு இருக்குது. ஆனா மேல போய் உக்கார முடியல. கொளத்து நாத்தம் கொடலைப் பொரட்டுது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாடைக்குத்தான் ஆகும் என்றவர் அதன் கீழே படுத்துக்கொள்ளப் போகிறார். "நாறட்டும்மா, நாறனாதான் நல்லது" என்றேன். அவர் எப்போது வெட்டினார், எப்போது ஊறப் போட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைப்பேற்றுக் கவலையில் இருந்தேன் என்று சொல்லலாம். அது உண்மை இல்லை. கூடப்பிறந்தவள் விஷயத்தில் அந்த மாதிரி கேள்வி என் மனசில் எழவே எழாது, அதுதான் உண்மை.

மாசியில் எனக்குப் பெண் பிறந்தது. அக்கா பூண்டும் கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி என்று வெகுநேரம் பேசினாள். நான் கேட்டேன்:

"என் மூங்கில் எப்படிக்கா இருக்குது?"

"நல்லா ஊறிக்கினு கெடக்குது" என்றாள். குழந்தையின் விரலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரல் மாறவில்லை. "நீ புள்ளையப் பாரு."

அந்த வார்த்தையை நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். எங்கேயாவது ஒரு தடுமாற்றம் இருந்ததா என்று தேடியிருக்கிறேன். இல்லை.

வைகாசியில் பிள்ளையோடு திரும்பினேன். என் வீட்டுக்காரர் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தார். முகத்தில் ஒரு பரபரப்பு. "வந்து பாரு புள்ளே" என்று மட்டும் சொன்னார். வீடு முடிந்திருந்தது. கூரை வேய்ந்திருந்தது. மச்சும் போட்டாகிவிட்டது. நான் இல்லாமல் தானே ஆள் வைத்து, கழிமேல் பிளந்த மூங்கில் பிளாச்சு பரப்பி, மண்ணும் சாணியும் பூசி முடித்திருந்தார். கைப்பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினேன். குதிகாலால் ஓங்கி மிதித்தேன். கல் மாதிரி இருந்தது. கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தேன். கழிகளெல்லாம் கறுப்பாக இருந்தன.

"நாத்தமே இல்லியே?" என்றேன்.

"அடியில வைக்கோல் பொகை போட்டேன். கைப்புள்ளையோட வர்றியே, நாத்தம் ஆவாதுன்னு. பொகையில போயிடுச்சு."

எனக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷனுக்கு இவ்வளவு கரிசனமா என்று. கழிகள் சுவருக்குள் நுழைகிற இடத்தைக் குழந்தைக்குக் காட்டி, "உங்கம்மா குறி அங்க உள்ள இருக்குது பாரு" என்று சொன்னேன். அவரும் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் மச்சில் ஏற்றாமல் விட்டதில்லை. வளையல்காரர் வந்தாலும் காட்டினேன். தொரப்பள்ளியிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்களை உட்கார வைத்து, மூங்கிலை எப்போது வெட்ட வேண்டும், எத்தனை மாதம் ஊற வேண்டும் என்று ஒரு பாட்டம் சொன்னேன். "மரம் போட்டவங்க ஊட்டைவிட இது நிக்கும்" என்றேன். நான் கொஞ்சம் ராங்கிக்காரி என்று ஊரில் பேச்சு உண்டு. அது பொய் இல்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் கிடையாது.

ஐப்பசி மழை விட்டு வெயில் தலைகாட்டியபோது, தூளியில் கிடந்த குழந்தையின் துணிமேல் மஞ்சளாக ஏதோ தூள் கிடந்தது. கேழ்வரகு மாவு என்று நினைத்துத் தட்டிவிட்டேன். மறுநாளும் கிடந்தது. அப்புறம் அடுப்பு மேடையில், தண்ணீர்ப் பானையின் மூடிமேல், என் வீட்டுக்காரரின் தோளில். வீட்டில் யாரும் பேசாத நேரத்தில் காது கொடுத்தால் மேலே கறுக் கறுக் என்று ஒரு சத்தம். எனக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். தெரிந்தும், இருக்காது, என் மூங்கிலில் இருக்காது என்று சொல்லிக்கொண்டேன்.

ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீர்த் துறையில் ஒருத்தி கேட்டாள்.

"என்னாமே, உங்க மச்சுல மாவு மில்லு வெச்சிருக்கியாமே? எங்க கேழ்வரகையும் குடுத்தனுப்பட்டா?"

"அரவைக்கூலி எவ்வளவுன்னு கேளுடி மொதல்ல" என்றாள் இன்னொருத்தி.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் பேசிய பேச்சுக்கு அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

பொங்கலுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கேழ்வரகு மூட்டை மேலே இருந்தது. என் வீட்டுக்காரரின் சித்தப்பா ஒருவர், பருத்த மனிதர், வெற்றிலை போட மச்சுக்கு ஏறினார். கீழே நான் அடுப்படியில் இருந்தேன். மடார் என்றது. மண் கொட்டியது. தலைக்கு மேலே முழங்கால் வரைக்கும் ஒரு கால் தொங்கியது.

"யோவ், மேல இருந்து காலு மொளைக்குதுடா!" என்று யாரோ கத்தினார்கள். வீடே சிரித்தது. அவரை மேலே இழுத்து எடுத்தார்கள். சிராய்ப்போடு போயிற்று. அவரும் சிரித்தார். நான் பொங்கல் பானையில் விழுந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன். பொம்பளை பேச்சைக் கேட்டு மச்சு போட்டா இப்படித்தான். எங்க ஊட்லயும் மூங்கிலுதான். போய் மிதிச்சுப் பாருங்க, அசையுதான்னு. எல்லாத்துக்கும் ஒரு கைராசி வேணும்."

"உடுங்க" என்றாள் அக்கா. என் தோளில் கை வைத்துக்கொண்டாள். "சின்னப் பொண்ணு. ஏதோ தெரியாம வளர்பிறையில வெட்டிட்டா."

என் வீட்டுக்காரர் ஓரத்தில் நின்று உடைந்த பிளாச்சு ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி, திதியைத் தப்பாக நினைத்துவிட்டேனோ? இளங்கழியை முற்றியது என்று சொல்லிவிட்டேனோ? ஒருநாள் அவருக்குச் சோறு போடும்போது கேட்டேன்:

"நாம தேய்பிறையிலதான வெட்டனோம்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கு எங்க புள்ளே ஞாபகம் இருக்குது" என்றார்.

மாமனார் திதி ஆடியில் வரும். மூத்தவர் வீட்டில்தான் படையல். நானும் அக்காவும் சேர்ந்து சமைப்போம். அன்றைக்கு விறகு ஈரம், அடுப்பு பற்றவில்லை. அக்கா அம்மியில் உட்கார்ந்திருந்தாள். "அந்தக் கொழலை எடுத்து ஊதுடி" என்றாள். சுவரோரம் சாத்தியிருந்த ஊதுகுழலை எடுத்தேன். மூங்கில் குழல், புகை ஏறிக் கறுத்திருந்தது. உதட்டில் வைத்துக் குனிந்தபோது கட்டைவிரலில் ஏதோ இடறியது. ஒரு வெட்டு. அதன் அடியிலிருந்து சாய்வாக ஒன்று. இந்தப் பக்கம் ஒன்று.

கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையால் கரியைத் துடைத்தேன். கோழிக்கால்.

"ஊதாம என்னாடி பாத்துக்கினு இருக்க?"

"இந்தக் கொழலு ஏதுக்கா?"

அம்மிக்குழவி நின்றது. திரும்ப ஓடியது.

"கெடந்துச்சு. எடுத்துத் தொளை போட்டேன்."

"எங்க கெடந்துச்சு?"

"பொகையில கண்ணு எரியுது. ஊது மொதல்ல."

ஊதினேன். அடுப்பு பற்றியது. அண்ணாந்து பார்த்தேன். அவள் வீட்டு மச்சு, ஒரு தூள் உதிராமல், ஒரு கழி வளையாமல், கறுத்துப்போய் அப்படியே இருந்தது. அம்மா சொன்ன குளத்து நாற்றம் நினைவுக்கு வந்தது. "நல்லா ஊறிக்கினு கெடக்குது" நினைவுக்கு வந்தது. சுவருக்குள் போகிற அடிமுனையைக் குறியோடு ஒரு முழம் அறுத்துவிட்டால் கழி யாருடையது என்று யார் சொல்ல முடியும்? அறுத்த துண்டை அடுப்பில் போட்டிருந்தால் எனக்குக் கடைசி வரைக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நன்றாக ஊறிய மூங்கில் துண்டைத் தூக்கி எறிய அக்காவுக்கு மனசு வரவில்லை. எனக்கும் வந்திருக்காது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

நான் கத்தவில்லை. சமையலை முழுக்க முடித்தேன். படையல் போட்டோம், காக்கைக்கு வைத்தோம், வந்தவர்களுக்குப் பரிமாறினேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமலேயே இலைக்கு இலை நடந்தாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது குழலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் பார்த்தாள். ஏன் எடுக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் முன்னாலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குழலை அவர் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார்.

"அண்ணன் கேட்டுச்சு" என்றார். "தையில பால் காய்ச்சறோம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு, மரம் கெடைக்கல, உன் மூங்கிலு ஊறித் தயாரா கெடக்குது, எனக்குக் குடு, நான் புதுசா வெட்டி அதே எடத்துல போட்டுடறேன், உம் பொண்டாட்டி வர்றதுக்குள்ள ஊறிடும்னுச்சு. போட்டும் வெச்சுச்சு. மாசியிலயே கொளம் வத்திப்போச்சு புள்ளே. சேத்துல கெடந்து காஞ்சுபோச்சு. நீ வர்ற நாளு கிட்ட வந்துடுச்சு. நான் என்னா பண்றது?"

"எனக்குச் சொல்லியனுப்பறது."

அவர் குழலைக் குறி கீழே போகும்படி திருப்பி வைத்தார்.

"பொகை எதுக்குப் போட்டீங்க?"

ஊறாத கழி கறுப்பாகத் தெரிவதற்காகப் போட்ட புகை. பிள்ளைக்காக என்று சொன்ன புகை.

"என் குறிய ரம்பம் போட்டு அறுத்தது யாரு? உங்கண்ணனா?"

"நான்தான்" என்றார் அவர்.

அக்காவும் மாமாவும் செய்ததை நான் எப்படியாவது செரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு மூங்கில் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். அக்கா கேட்டு நான் எதை இல்லை என்று சொன்னேன்? ஆனால் இந்த மனுஷர் ஒரு வருஷத்துக்கு மேல் அந்த மச்சின் கீழே என் பக்கத்தில் படுத்திருந்தார். துறையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அழுதபோது கேட்டுக்கொண்டிருந்தார். வளர்பிறையில் வெட்டிவிட்டேனோ என்று நான் என்னையே கொன்றுகொண்டிருந்தபோது, ஞாபகம் இல்லை என்றார். சுவருக்குள் இல்லாத குறியை நான் குழந்தைக்குக் காட்டியபோது பக்கத்தில் நின்றார்.

மறுநாள் காலையில் கேழ்வரகு மூட்டைகளைக் கீழே இறக்கினேன். கடப்பாரையை எடுத்து மச்சை நானே பெயர்த்தேன். அவர் ஓடி வந்து பிடித்தார். "விடுங்க" என்றேன். விட்டுவிட்டார். உளுத்த கழிகள் கையில் எடுத்தாலே பொடிந்தன. முற்றத்தில் போட்டுக் கொளுத்தினேன். சந்துக்கு அந்தப் பக்கம் அக்கா நின்று பார்த்தாள். ஊரும் பார்த்தது. யாருக்கும் நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் என் அக்காவை, என் புருஷனை நானே சந்தையில் நிறுத்தியதாகும். கைராசி இல்லாதவள் என்ற பேரை நானே வைத்துக்கொண்டேன்.

ஐப்பசித் தேய்பிறைக்கு அம்மா வீட்டுக்குத் தனியாகப் போனேன். புதர் முன்பு வெட்டியது தெரியாமல் செழித்து நின்றது. அது மட்டும்தான் என்னை ஏமாற்றவில்லை. ஆள் வைத்து வெட்டி, அதே குளத்தில் போட்டேன். இந்தத் தடவை குறியை அடிமுனையில் போடவில்லை. ஒவ்வொரு கழிக்கும் நட்ட நடுவில், வயிற்றுப் பக்கத்தில், கணுவுக்குக் கணு வெட்டினேன். ஊறி முடிந்ததும் மச்சு போட வந்தவர் தெலுங்குக்காரர், மூங்கில் பிளக்கிறவர். கழியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏமம்மா, இது என்னா? நடுவுல போட்டுட்டியே, கீழ படுத்தா கண்ணுல படுமே" என்றார்.

"படட்டும்" என்றேன்.

"இந்தப் பக்கத்த மேல திருப்பிப் போட்டுடட்டா? மண்ணு பூசனா மறைஞ்சிடும்."

"கீழ்ப்பக்கம்தான் வரணும்."

அவர் சிரித்துக்கொண்டு அப்படியே போட்டார். நாற்றம் ஒரு மாதத்துக்கு வீட்டை விட்டுப் போகவில்லை. நான் புகை போடவில்லை.

அக்கா வீட்டுக்குப் போகாமல் இல்லை. போனேன், வந்தேன், அவள் பிள்ளைகளுக்குத் தலைவாரினேன். ஆனால் அதற்குப் பிறகு எதையும் அவளிடம் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போனதில்லை. என் மகள் பெரியவளானபோது சடங்கு வேலை செய்த களைப்பில் அக்கா எங்கள் வீட்டு மச்சின் கீழே பாய் போட்டுப் படுத்தாள். நான் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் கண் மேலே இருந்தது. ஒரு கழியிலிருந்து இன்னொரு கழிக்கு, கணு கணுவாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் கோழி நடந்து போன மாதிரி. ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் கட்டிலை வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார். காற்று வருகிறது என்றார். நானும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் மட்டும் உள்ளே வருவார். வந்தாலும் குப்புறத்தான் படுப்பார். கடைசி வரைக்கும் அப்படித்தான்.

நான் மல்லாந்துதான் படுக்கிறேன், இன்றைக்கும். ஒரு தூள் விழுந்ததில்லை.